முள்ளோடையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடுமா?



கடலூரில் சைலன்சரை மாற்றிக்கொண்டு பைக் ஓட்டும் பிள்ளைகளிடம் கேட்டால், "பாண்டியில இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர்" என்கிறார்கள். பாண்டிப் பிள்ளைகளோ, "தமிழ்நாட்டுப் பக்கம்தான் விட்டுடுவாங்க" என்கிறார்கள். இரண்டும் தப்புக் கணக்கு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசின் சட்டம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது ஒன்றுதான். 2019-இல் திருத்திய பிறகு, தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். வண்டியின் சத்தம் விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லைசென்சும் மூன்று மாதம் போகும். கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால் வண்டியின் உரிமையாளருக்குத் தனியாகத் தண்டனை உண்டு. வண்டி அப்பா பெயரில் இருந்தால், மாட்டிக்கொள்வது அப்பாதான்!

அப்படியானால் ஊருக்கு ஊர் எது மாறுகிறது? கோர்ட்டுக்குப் போகாமல் அங்கேயே கட்டித் தீர்க்கும் தொகையை அந்தந்த அரசு முடிவு செய்யலாம். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதிப் பகுதி எது என்று அறிவிப்பதும் மாநில அரசின் பொறுப்பு. எத்தனை பேரை நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்பதும் மாறும். பிடிபடாமல் போவது வேறு, அனுமதி இருப்பது வேறு. பரீட்சையில் சூப்பர்வைசர் பார்க்காவிட்டால் காப்பி அடிப்பது சரியாகிவிடுமா?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவசரத்துக்குத் தவிர ஹாரனே அடிக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு அங்கே ஒலி அளவு 45 டெசிபல்தான், பகலில் 55.

மெயின் ரோட்டை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். சொல்வதை எழுதுதல் நடக்கும்போது ஏர் ஹாரன் அடித்தால், கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை விட்டுப்போகும். நான் திரும்பச் சொல்வேன், அடுத்த பஸ் வந்துவிடும். காது சரியாகக் கேட்காத பிள்ளைகளின் பாடு இன்னும் கஷ்டம். அவர்கள் எழுந்து கேட்கவும் மாட்டார்கள்.

பஸ் ஓட்டும் என் மாணவர்கள், "நிமிஷக் கணக்கில் ஓடுறோம், என்ன செய்றது டீச்சர்?" என்பது எனக்குப் புரிகிறது. டிரைவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. முடியாத டைமைக் கொடுக்கும் முதலாளியையும் அதற்கு பர்மிட் கொடுப்பவர்களையும் கேட்க வேண்டும். ஆனால் ஏர் ஹாரனும் மியூசிக் ஹாரனும் பஸ்ஸை ஒரு நிமிஷம்கூட முன்னால் கொண்டுபோவதில்லை. அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்பதும் அதே டிரைவர்தான்.

என் கருத்து இதுதான். அடுத்தடுத்த ஊர்களின் போலீசாரும் போக்குவரத்து அலுவலகங்களும் ஒரே நாளில், எல்லைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து சோதனை செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், சத்தம் அடுத்த பக்கம் போகுமே தவிர குறையாது.

மெக்கானிக் கடை வைத்திருக்கும் பிள்ளைகளே, யாராவது சைலன்சரை மாற்றக் கேட்டு வந்தால், முடியாது என்று சொல்லுங்கள். அந்த ஒரு வேலையின் கூலி போகட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்