ஈயத்தாள் வைத்தியம்

பி.காம். படிக்கிறவனுக்கு போர்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தேதி தப்பினால் கணக்கு தப்பும், அவ்வளவுதான்.

கம்பத்தில் மாமாவின் திராட்சை கமிஷன் கடையில் பில் போடுவது ஒரு ராஸ்பெர்ரி பை. 2023-ல் வந்த பை 5-க்கு முந்தைய மாடல். அதற்குள் கடிகாரம் கிடையாது. தனியாக டிஎஸ்3231 போர்டு, அதில் ஒரு பட்டன் பேட்டரி. அது ஆடுகிறது. கரண்ட் போய் வந்து, நெட்டும் இல்லாவிட்டால் பழைய நேரத்திலேயே கிளம்புகிறது. திராட்சைக்கோ தினம் ஒரு விலை. செவ்வாய் சரக்குக்கு திங்கள் தேதியில் பில் விழுந்தால், விலை ஏறிய நாளில் நஷ்டம் தோட்டக்காரருக்கு.

"சிகரெட் ஈயத்தாளை மடிச்சு சொருகுங்க தம்பி" என்றார் ரிப்பேர்காரர். எல்லாருக்கும் இதே வைத்தியம்தான்! பேட்டரியின் விளிம்பு முழுக்க பாசிட்டிவ், அடிப்பக்கம் நெகட்டிவ். தாள் நகர்ந்து இரண்டையும் தொட்டால் ஷார்ட். வெறும் காகிதம் என்றால் தொடர்பே அறும். நேரடியாக சால்டர் வைப்பது இன்னும் மோசம், சூடு தாங்காது.

கழற்றிப் பார்த்தால் உள்ளே சிஆர்2025! 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். 2025 வெறும் 2.5. "ரெண்டும் மூணு வோல்ட்தானே" என்று யாரோ விற்றிருக்கிறார்கள். வோல்ட் சரி, உட்கார வேண்டாமா?

2032 போட்டு, கிளிப்பை பல்குச்சியால் லேசாக அழுத்திவிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் டை கட்டினேன். இந்த மலிவு போர்டுகள் பலவற்றில் ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032-க்காக சார்ஜ் பாதை வைத்திருப்பார்கள். சிஆர் போட்டால் அது ஆபத்து. அந்த ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டேன்.

மாமா அந்த ஈயத்தாளை இன்னும் கல்லாவில் வைத்திருக்கிறார். அவசரத்துக்காம்!