சிவப்புக்கு மேலும் மழை உண்டு

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டின் சராசரியே 44 சென்டிமீட்டர்தான். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனதில், அதற்கு அப்பால் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்துப் புதுக்குடி மக்கள்தாம் சிக்கிக்கொண்டவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

வெள்ளம் வடிவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. உரிய நேரத்தில், உரிய அளவில் எச்சரிக்கை வரவில்லை என்றது மாநில அரசு. சில நாள்களுக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்றது மத்திய அரசு. எந்தத் தேதியில் எந்த அறிக்கை வந்தது என்பதைச் சுற்றியே பேச்சு நடந்தது. அந்த அறிக்கையைக் கையில் வாங்கும் ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு அது என்ன சொல்லியிருக்கும் என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, ஒரு நாளில் 6.45 சென்டிமீட்டரிலிருந்து கனமழை, 11.56-லிருந்து மிகக் கனமழை, 20.45-ஐத் தொட்டால் அதி கனமழை. அதற்கு மேல் படியே கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, 95 சென்டிமீட்டரும் அதி கனமழை. இரண்டுக்கும் ஒரே சிவப்பு எச்சரிக்கை. 21 சென்டிமீட்டரில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். 95 சென்டிமீட்டரில் குளம் உடையும், ஊர் துண்டிக்கப்படும். இதோடு ‘ஓரிரு இடங்களில்’ என்ற தொடர் வேறு. மொத்த மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்பது அதன் தொழில்முறைப் பொருள். கேட்பவர் காதிலோ ‘எங்கேயோ பெய்யும், நமக்கில்லை’ என்றுதான் விழுகிறது.

95 சென்டிமீட்டர் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்வோம். அன்று வந்தது பெயர் சூட்டப்பட்ட புயல்கூட அல்ல, குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி. அத்தகைய சுழற்சியில் ஒரு மேகக்கூட்டம் நகராமல் ஒரே இடத்தில் மணிக்கணக்காகப் பொழிவதை எந்தக் கணினி மாதிரியும் ஊர் பெயரோடு காட்டுவது அரிது. துறையின் முதன்மையான உலகளாவிய மாதிரி அப்போது 12 கிலோமீட்டர் கட்டங்களில் இயங்கியது. 2025 மே மாதம் அறிமுகமான ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ அதை 6 கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். ரேடார் நிலைமையோ வேறு. காரைக்கால் ரேடாரிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் ரேடாரின் கற்றை தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்தில் போய்விடும். திருவனந்தபுரம் ரேடாருக்கோ நடுவே மலைத்தொடர். தென்கடலோரத்துக்குக் கூடுதல் கண்கள் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது.

ஆனால் ரேடார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சீர்திருத்தம் ஒன்று இருக்கிறது. வானிலை ஆய்வாளர் தம் மேசையில் என்ன பார்க்கிறாரோ, அதை அப்படியே சொல்ல வேண்டும். பல மாதிரிகளைப் பல தடவை ஓட்டிப் பார்க்கும்போது சில 15 சென்டிமீட்டர் காட்டும், சில 40 காட்டும். ‘பெரும்பாலும் 15 முதல் 20, ஆனால் 40-ஐத் தாண்டவும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பிருக்கிறது’ என்று சொன்னால் ஒரு மாவட்ட ஆட்சியர் எந்தப் படகை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க முடியும். பிரிட்டன் வானிலைத் துறை 2011 முதல், எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு பாதிப்பு என்ற இரண்டையும் சேர்த்துத்தான் எச்சரிக்கையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. நம் அறிக்கைகளிலும் பாதிப்பு பற்றிய வரிகள் உண்டு. ஆனால் ‘தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கலாம்’ என்பது எந்த ஊருக்கும் எந்த மழைக்கும் பொருந்தும் வரி. தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானின் பதிவை லட்சக்கணக்கானோர் தேடிப் படிப்பதற்குக் காரணம் அவரிடம் தனி ரேடார் இருப்பதல்ல. ஊர் பெயரைச் சொல்லி, எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துப் பேசுகிறார். அரசு அமைப்பால் அதைச் செய்ய முடியாது என்பதற்கு நியாயமே இல்லை.

பெரிய எண்ணைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள், பெய்யாவிட்டால் கேலி செய்வார்கள் என்ற தயக்கம் அதிகாரிகளிடம் இருக்கிறது. 2024 அக்டோபர் 16-ல் அதுதான் நடந்தது. சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. முன்னதாகவே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. எதிர்பார்த்த பெருமழை அன்று வரவில்லை. கேலிப் படங்கள் குவிந்தன. எங்கள் பார்வையில் காரை மேம்பாலத்தில் ஏற்றியவர்கள் செய்தது சரி. 2015 வெள்ளத்தை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். நான்கில் ஒரு வாய்ப்பு என்று முன்பே சொல்லியிருந்தால், மழை வராத நாளில் வானிலை மையத்தின் நம்பகத்தன்மையும் இவ்வளவு அடிபட்டிருக்காது. ஐயத்தை மறைத்துவிட்டு உறுதிபோலப் பேசுவதால்தான் ஒவ்வொரு பிழையும் பொய்யாகத் தெரிகிறது.

அதே ஆண்டு நவம்பரில் ஃபெஞ்சல் புயல் இதை மறுபடி காட்டியது. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது, புயலாகவே கடந்தது. கடந்த பிறகும் புதுச்சேரியருகே நகராமல் நின்றது. பிறகு உள்ளே போய், கடலோரத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை இறக்கியது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவு கடந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்கள் மூழ்கின. இங்கே மாநில அரசும் பதில் சொல்ல வேண்டும். மழையைக் கணிப்பது மத்திய அரசின் வேலை. இத்தனை கனஅடி திறந்தால் எந்தக் கிராமத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறும் என்று கணக்கிட்டு வைப்பது மாநிலத்தின் வேலை. ‘கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்’ என்று தூங்குகிற வேளையில் வரும் குறுஞ்செய்தி அந்தக் கணக்குக்கு மாற்றாகாது.

எனவே அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் இவற்றை எதிர்பார்க்கிறோம். அதி கனமழைக்கு மேல் 30, 50 சென்டிமீட்டர் என்று தனிப் படிகளும், ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கையில் இடம்பெற வேண்டும். மாவட்டத்தோடு நிற்காமல் வட்டம் வரை பெயர் சொல்ல வேண்டும். தாமிரபரணி, தென்பெண்ணை, அடையாறு ஆகியவற்றுக்கான வெள்ள வரைபடங்களை நீர்வளத் துறை ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஒட்ட வேண்டும். அணை திறப்பு அறிவிப்பில் தண்ணீர் வந்துசேரும் நேரம் கிராமவாரியாக இருக்க வேண்டும். மழை ஓய்ந்தபின், முன்னறிவிப்பு எங்கே பொருந்தியது, எங்கே தவறியது என்ற கணக்கை ஜனவரியிலேயே பொதுவில் வைக்க வேண்டும்.