தத்தம் கட்டோடு வரும் சீட்டாட்டம்

முந்நூற்றுநான்கு ஆடத் தெரிந்த வாசகர்களுக்கு அதன் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை. 32 சீட்டுகள், வகையொன்றுக்கு 76 புள்ளியாக நான்கு வகைக்கும் 304. எவர் வீட்டு விறாந்தையில் இருந்து ஆடினாலும் இக்கணக்கு மாறுவதில்லை. துரும்பை ஒளித்து வைக்கலாமேயன்றி, கட்டில் இல்லாத சீட்டொன்றை எவரும் இறக்க முடியாது. கட்டு பொது, கைதான் வேறு.

அவ்வாறன்றி, ஆடுகிறவர் ஒவ்வொருவரும் தாமே தெரிந்து தொகுத்த கட்டை மடியிலே கட்டிக்கொண்டு வந்து அமர்ந்தால் என்னாகும்? எதிரியின் கையிலே என்ன இருக்கிறது என்பது மட்டுமன்று, அப்படியொரு சீட்டு உலகத்தில் உண்டென்பதே நமக்குத் தெரியாதிருக்கலாம். இந்த விந்தையான எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர் றிச்சர்ட் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர். அக்காலத்தில் அவர் பென்சில்வேனியா சர்வகலாசாலையிலே கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

1991ஆம் ஆண்டிலே அவர் தாம் இயற்றிய பலகை விளையாட்டொன்றை எடுத்துக்கொண்டு பீற்றர் அட்கிசன் என்பவரிடம் சென்றார். அட்கிசன் போயிங் விமானக் கொம்பனியிலே வேலை பார்த்தவர். சியாற்றில் நகரை அண்டிய தம் வீட்டின் நிலவறையிலே, ‘விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற்’ என்ற சிறு பதிப்பகத்தையும் நடத்திவந்தார். பலகை, காய், பெட்டி என்று அச்சிட்டுச் செய்விக்க அவரிடம் முதல் இல்லை. ஆகவே கையோடு கொண்டு செல்லத்தக்கதாய், விரைவில் ஆடி முடிக்கத்தக்கதாய், செலவு குறைந்ததாய் ஒன்று வேண்டுமென்றார். பணமில்லாமையே நல்ல யோசனைக்குத் தாயாவதை நாம் வேறு தொழில்களிலும் கண்டிருக்கிறோம். ஒறிகன் மாநிலத்து மல்ற்னோமா நீர்வீழ்ச்சிக்குச் சென்றிருந்த வேளையிலே கார்பீல்டுக்கு விடை தோன்றியது.

சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் துணையாகப் படச்சீட்டு வைத்து விற்பது அந்நாட்டிலே பழைய வழக்கம். பந்தாட்ட வீரர்களின் படங்களைச் சிறுவர் சேர்ப்பர், மாற்றிக்கொள்வர், சண்டையும் பிடிப்பர். அப்படங்களை வைத்துப் பெரிதாக ஆட்டம் எதுவும் ஆடவில்லை. கார்பீல்ட் சேர்ப்பதையும் ஆடுவதையும் ஒரே முடிச்சில் இட்டார்.

முதற் பரீட்சைக்கு அவர் செய்தவை 120 சீட்டுகள். அவற்றை இரண்டாகப் பிரித்து, தாமும் ஒரு நண்பரும் ஆடிப் பார்த்தனர். பின்னர் சர்வகலாசாலைத் தோழர்கள் பலர் கூடி, இரண்டு ஆண்டளவாக ஆடியும் திருத்தியும் வந்தனர். ஒருவருடைய கட்டிலே பயனற்றுக் கிடந்தது இன்னொருவருக்கு உயிர்நாடியாயிற்று. சீட்டுக்கு நிலையான விலை ஒன்றில்லை என்பதை ஏட்டிலே படித்தல்ல, பேரம் பேசியே அறிந்தார்கள்.

‘மஜிக்: த கதரிங்’ எனப் பெயர் பெற்ற இவ்வாட்டத்திலே, ஆடுவோர் இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. நிலச்சீட்டுகளை விரித்து அவற்றினின்றும் சக்தியைக் கறந்து, அச்சக்தியாலே பூதங்களையும் மந்திரங்களையும் ஏவி, எதிரியின் புள்ளியைப் பூச்சியமாக்க வேண்டும். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறம்; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். எல்லா நிறத்திலும் வலியனவற்றையே பொறுக்கிக் கட்டினால், வேண்டிய நிலம் வேண்டிய வேளையிலே கைக்கு வராது. பேராசைக்காரனைச் சட்டம் போட்டுத் தடுக்காமல், கட்டே தடுக்கும்படி செய்திருப்பதுதான் இதன் நுட்பம். கணித அறிவு இவ்விடத்திலேதான் தெரிகிறது. இன்னொன்று: பொது விதியும் சீட்டில் எழுதியிருப்பதும் முரண்பட்டால், சீட்டுச் சொல்வதே செல்லும். ஆதலால் ஆட்டத்தின் சட்டம் சிறிது சிறிதாகச் சீட்டுகளிலேயே பரந்து கிடக்கிறது.

இதற்கிடையே வேறொரு நூல் காரணமாகப் பதிப்பகத்தின்மீது வழக்கொன்று வந்தது. அதிலே இவ்வாட்டமும் சிக்காதிருக்கத் தனிக் கொம்பனி ஒன்று வகுத்தார்கள். சித்திரக்காரர்களுக்குக் கொடுக்கக் காசு போதாமையால் கொம்பனிப் பங்கும் கொடுத்தார்கள். பெல்ஜிய நாட்டுக் காட்டா முண்டி அச்சகத்திலே அச்சாகி, 1993ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் வெளிவந்த முதற் பதிப்பு ஏறக்குறைய 26 லட்சம் சீட்டுகள். அவை சில வாரங்களிலே தீர்ந்துபோக, அடுத்து 73 லட்சம் அச்சிட்டார்கள். அவையும் நெடுநாள் நிற்கவில்லை.

இந்த வெற்றிதான் ஆட்டத்தின் சிக்கலுமாயிற்று. பொதியைப் பிரிக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாது. சில சீட்டு மலிவு, சில அரிது. ஒரு கூட்டத்தார் ஆளுக்கு ஒன்றிரண்டு கட்டு வாங்குவர், மிக வலியது ஒன்று எவரிடமேனும் அகப்பட்டால் அதுவே ஓர் அதிசயமாக இருக்கும் என்றே கார்பீல்ட் எண்ணியிருந்தார். ஆட்டந்தோறும் ஒரு சீட்டைப் பணயம் வைக்க வேண்டுமென்ற விதியையும், நல்லன ஒருவர் கையிலே தேங்காது சுற்றிவரட்டும் என்றே வைத்தார். சனங்களோ பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பணயம் சூதென்று ஐயுறப்பட்டு, அவ்விதி வழக்கொழிந்தது. காசுள்ளவன் கட்டு வலுத்தது.

கிறிஸ்தோபர் றஷ் தீட்டிய ‘கருந்தாமரை’ என்னும் சீட்டின் முதற் பதிப்புப் பிரதியொன்று, 2021ஆம் ஆண்டிலே ஐந்து லட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதற்கு நெடுநாள் முன்னரே, 1996இல், குறித்த சில பழைய சீட்டுகளை இனி அச்சிடுவதில்லையென்று கொம்பனி சேகரிப்போருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. நம் எண்ணத்தில், அந்த வாக்குக் கொடுத்த நாளிலே அச்சீட்டுகள் ஆட்டத்தை விட்டு இரும்புப் பெட்டிக்குள் புகுந்துவிட்டன. பொதி கிழிக்கும் சிறுவனுடைய முகத்தையும் லொத்தர்ச் சீட்டுச் சுரண்டுகிறவருடைய முகத்தையும் ஒருங்கே பார்த்த பெற்றோருக்கு, இவ்விடயம் வெறும் விளையாட்டாகத் தோன்றாது.

பார்த்துச் செய்தோர் பலர் வந்தனர், போயினர். 1994இல் ‘ஸ்பெல்பயர்’ என்ற சீட்டாட்டத்தை வெளியிட்ட ரீ.எஸ்.ஆர். என்னும் மூத்த நிறுவனத்தை, 1997இல் அந்த நிலவறைப் பதிப்பகமே வாங்கிக்கொண்டது. 1999இல் பதிப்பகத்தையும் ஹாஸ்புரோ வாங்கியது.

இன்று தனித்துச் சீட்டாட்டம் இயற்றப் புறப்படுவோர் முதலிலே முடிவு செய்ய வேண்டியது சித்திரமன்று, கதையன்று. சீட்டை எவ்வாறு விற்பது என்பதே. வேறொரு வழியும் உண்டு. கார்பீல்ட் 1996இல் ‘நெற்றனர்’ என்ற மற்றோர் ஆட்டமும் இயற்றினார். பெருங் கொம்பனி ஒருபுறம், அதன் கணினிக் காப்பை உடைக்கும் கள்வன் மறுபுறம். முதலில் அது நிலைக்கவில்லை. 2012இல் வேறொரு நிறுவனம் அதனைப் புதுப்பித்து, எந்தப் பொதியில் எந்தச் சீட்டு இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்து விற்றது. குருட்டதிர்ஷ்டத்துக்கு அங்கே இடமில்லை. 2018இல் உரிமம் முடிந்து விற்பனையும் நின்றது.

ஆட்டம் நிற்கவில்லை. ஆடியவர்களே கூடி இலாப நோக்கற்ற சங்கமொன்று அமைத்தார்கள். 2022 முதல் அதற்கு ‘நல் சிக்னல் கேம்ஸ்’ என்று பெயர். புதிய சீட்டுகளை அவர்களே இயற்றி, ஆடிப் பார்த்து, அச்சிட்டு விற்கிறார்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்கு அச்சுப் படிவத்தை இலவசமாகவே கொடுத்தும் விடுகிறார்கள். தாளும் கத்தரிக்கோலும் இருந்தால், வீட்டு மேசையிலேயே முழுக் கட்டும் தயார்.