தம்பியின் செம்பட்டைத் தலை

தம்பி வீட்டிலேயே முடிக்கு ப்ளீச் அடித்துத் தலைத்தோலைப் புண்ணாக்கிக்கொண்டான். 12 சதவீத பெராக்சைடு! "புள்ளிங்கோ" என்று சிரித்தவர்கள் உண்டு. 6 சதவீதமே போதும், முதலில் ஒரே ஒரு கற்றையில் போட்டுப் பார், எரிந்தால் உடனே கழுவு என்று சொன்னவர் இல்லை. ஆய்வேட்டில் மூழ்கிக்கிடந்த நானும் சொல்லவில்லை. கருமுடி ஒரே தடவையில் பொன்னிறமாகாது. முதலில் செம்பட்டையாகத்தான் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி, அன்றைக்கே மறுபடி அடித்திருக்கிறான்.

பெரிய பார்லரில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டால் அதே நிறம் ஸ்டைல். ஹவுசிங் போர்டு பையன் போட்டால் போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறது. இதில் சாதி எங்கே என்று கேட்பவர்கள், யார் தலையைப் பார்த்ததும் அந்தச் சொல் வாயில் வருகிறது என்று சொல்லட்டும்.

புண் முழுதாக ஆறட்டும். அடுத்த முறை ஜன்னலைத் திறந்துவைத்து, பிளாஸ்டிக் கிண்ணத்தில் நானே கலந்து தருகிறேன் என்றிருக்கிறேன்.