தகுதியறிந்து பணி வகுத்தல்

ஒரு ஸ்தாபனம் நலிவுறும்போது அங்கே பணி புரிகிறவர்களின் திறமைக்குறைவையே காரணமாகச் சொல்லிவிடுவது வழக்கமாயிருக்கிறது; ஆனால் அந்த ஸ்தாபனம் எதன்பொருட்டு ஏற்பட்டது, அதற்கு எந்தெந்தக் காரியங்கள் நடந்தாக வேண்டும், அவற்றுள் எதனை எவரால் மட்டுமே செய்ய இயலும் என்று ஆராயாமல், பதவிகளை முன்னதாக வகுத்துவிட்டு மனிதர்களை அவற்றில் இட்டு நிரப்புகிறவர்களே பெரும்பாலும் அந்தப் பழிக்கு உரியவர்கள் என்பது என் துணிபு.

மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போய், மகப்பேறு வைத்தியத்தைக் கைவிட்டுக் கண் வைத்தியத்துக்கு வந்து, தம் கைக்கு இசைந்த கருவிகளைக் கொண்டு அறுவை பழகிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த ஆராய்ச்சி செவ்வனே நடந்தது. தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது அதன் நோக்கம். கண்புரையால் வருந்துவோரின் தொகைக்கு முன்னே கண் மருத்துவர்களோ சொற்பம். ஆகவே நிபுணரின் நேரத்தை அறுவைக்கும் நோய் நிர்ணயத்துக்குமே ஒதுக்கி, கண்ணழுத்தம் பார்த்தல், கண்ணாடிக்குப் பவர் கணித்தல், நோயாளிக்கு விவரம் சொல்லித் தைரியமூட்டுதல் முதலியவற்றைப் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுகள் பயிற்சியளித்து ஒப்படைத்தார்கள். அறுவை அரங்கில் ஒரு மேஜையில் சிகிச்சை முடியும் தறுவாயில் பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி ஆயத்தமாகப் படுத்திருப்பார்; வைத்தியர் நுண்ணோக்கியை அப்பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைத் தொடங்கிவிடுவார்.

இவ்வாறு பகுத்தால் மனிதர் யந்திரமாகிவிடுவரென்று சிலர் அஞ்சுவர். ஓயாமல் ஒன்றையே செய்வதில் சலிப்பு உண்டென்பதை நான் மறுக்கவில்லை. எனினும் நாள்தோறும் நூறு கண்களைப் பார்க்கிறவளுக்கு அமையும் கைநிதானம் எந்தப் பட்டத்தாலும் வந்துவிடாது. அப்பெண்களைத் தாழ்ந்த பணியாளர் என்று எண்ணுவது பெரும் அநியாயம்.

நம் தொடக்கப் பள்ளிகளிலோ நிலைமை நேர்மாறு. குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதில் கைதேர்ந்தவராயிருந்து, பணிமூப்பு உண்டென்பதற்காகத் தலைமையாசிரியராக்கப்படுகிறவர், எழுத்தர் இல்லாத பள்ளியில் எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளப் பதிவுகளோடும் சத்துணவுக் கணக்கோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் நடத்தவேண்டிய வகுப்பு ஆசிரியரின்றிக் கிடக்கிறது. அவரது சாமர்த்தியமும் வீணாகிறது, கணக்கும் பிழையாகிறது. மேற்பார்வைக்கு உயர்த்தாமலேயே நல்லாசிரியருக்கு ஊதியமும் கௌரவமும் உயரும்படி விதிகளைத் திருத்துவதும், அருகருகேயுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தரையேனும் நியமிப்பதும் கல்வித்துறை உடனே செய்யவேண்டிய காரியங்கள்.