தட்டுப் படகோ, மிதவைப் படகோ?

ஒரு பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டி வரும்போது நம்மிற் பெரும்பாலார் முதலில் நோக்குவது அதன் அழகை. அடுத்து நோக்குவது அதன் விலையை. அஃது எவ்விடத்திற்கு, எவர்க்கு, எதன்பொருட்டு வேண்டப்படுகின்றது என்னும் வினா கடைசியில் வருகின்றது. பல வேளைகளில் வாராமலே ஒழிகின்றது. ஆடையையும் அணிகலனையும் இவ்வாறு தெரிந்தெடுப்பதனால் வருங்கேடு சிறிது. நீரின்மேற் செல்லும் படகை இவ்வாறு தெரிந்தெடுப்பின் வருங்கேடோ உயிர்க்கேடாம். ஆதலின் இப்பொருள் பற்றி யாம் கொண்ட கருத்தைக் கல்லூரி மலரின் வாயிலாக வெளியிடத் துணிந்தோம்.

இத்துணிவிற்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு எம் வகுப்பினர் நாற்பதின்மர் மலைநாட்டு ஏரி ஒன்றிற்குச் சுற்றுலாச் சென்றிருந்தோம். படகுத்துறையில் இருவகைப் படகுகள் நின்றன. ஒன்று கூரிய முகமும் பளபளக்கும் வெண்ணிற உடலும் வாய்ந்தது. மற்றொன்று நீண்ட உருளைகள் இரண்டின்மேல் தளம் பரப்பிக் கம்பியடைப்புச் சூழப்பெற்றது. காண்பதற்கு மிதக்குந் திண்ணைபோல் இருந்தது. யாம் இருபதின்மர் சிறிதும் ஆலோசியாது அழகிய படகிலேயே ஏறினோம். நடு ஏரியிற் செல்லுங்கால் கரையோரத்தில் மான்கூட்டம் ஒன்று தோன்றிற்று. அதனைக் காணும் ஆவலால் அனைவரும் ஒருபுறமாக எழுந்தோடினோம். படகு சாய்ந்தது, விளிம்பின்மேல் நீரேறி எம் பாதங்களை நனைத்தது. படகோட்டி கூவிய குரல் கேட்டு மீண்டும் அமர்ந்தோம், பிழைத்தோம். அன்று எங்களுள் உயிர்காப்புச் சட்டையை முறைப்படி பூட்டியிருந்தவர் அறுவரே. மற்றையோர் அதனை மடிமேல் வைத்திருந்தோம். திரும்பும் வழியெல்லாம், ‘மற்றைப் படகில் ஏறியிருந்தால் இந்நிலை வந்திராதன்றோ?’ என்று எங்களுள் வாதம் நிகழ்ந்தது. அவ்வாதத்தின் முடிபே இக்கட்டுரையாம்.

இவ்விரண்டனுள் முந்தியதை ஆங்கிலத்தில் ‘டெக் போட்’ என்பர். யாம் அதனைத் தட்டுப் படகு என்போம். பிந்தியது ‘பான்டூன் போட்’ எனப்படும். அதனை மிதவைப் படகு என்போம். தட்டுப் படகிற்கு உடல் ஒன்றே. கண்ணாடி இழையால் வார்க்கப்பட்ட அவ்வுடலின் அடி, நீரைப் பிளந்து செல்லுமாறு சற்றே கூராக அமைந்திருக்கும். மேற்றட்டு முன்புறம் வரையில் அகன்றிருக்கும். மிதவைப் படகிற்கோ அத்தகைய உடலே இல்லை. காற்றடைத்து மூடப்பெற்ற அலுமினிய உருளைகள் இரண்டோ மூன்றோ நீளவாக்கிற் கிடக்க, அவற்றின்மேற் சமதளம் பொருத்தப்பட்டிருக்கும். அமெரிக்க நாட்டில் ஏரிகள் மலிந்த மின்னசோட்டா மாகாணத்தில் அம்புரோஸ் வீரஸ் என்னும் உழவர், 1952-ஆம் ஆண்டளவில், எஃகுப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து அவற்றின்மேல் மரத்தளம் அமைத்தார். இன்று அந்நாட்டு ஏரிகளிற் பெருகிக் கிடக்கும் மிதவைப் படகுகளுக்கு அதுவே முன்னோடி என்பர்.

இவ்வேறுபாடு நம் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. வள்ளம் மிதப்பது நீரை உட்புகவிடாமையால். கட்டுமரம் மிதப்பது அதன் மரமே மிதக்கும் இயல்பினதாதலால். வள்ளத்தில் நீர் நிறைந்தால் இறைத்தாக வேண்டும். கட்டுமரத்தில் நீர் நிறைதற்கு இடமே இல்லை. ‘கட்டமரான்’ என்று ஆங்கிலேயர் வழங்குஞ் சொல்லும் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்ததே. தட்டுப் படகு வள்ளத்தின் வழி வந்தது. மிதவைப் படகு கட்டுமரத்தின் நெறியைத் தழுவியது. இதனை மனத்திற் கொண்டால் இரண்டன் குணமும் குற்றமும் எளிதிற் புலனாகும்.

மிதவைப் படகின் குணங்களை முதற்கண் கூறுவோம். உருளைகள் ஒன்றற்கொன்று விலகி இரு ஓரங்களிலும் கிடத்தலின், ஒருவர் எழுந்து நடப்பதனால் அஃது எளிதில் ஆடுவதில்லை. தளத்தின்மேல் ஏறிய நீர் ஓரங்களின் வழியே வழிந்தோடிவிடும். உருளைகள் உள்ளே தடுப்புகளாற் பல அறைகளாகப் பகுக்கப்பட்டிருப்பின், ஓர் அறை ஓட்டையாயினும் ஏனைய அறைகள் தாங்கும். ஆழமில்லாத நீரிலும் அது செல்லும். முதியோரும் சிறுவரும் திண்ணையில் ஏறுவதுபோல் ஏறி இறங்கலாம்.

தட்டுப் படகின் குணங்களும் குறைந்தனவல்ல. காற்றெழுந்து அலை மிகுங்கால் அதன் கூரிய அடி அலையைப் பிளந்து செல்லும். மிதவைப் படகின் முன்புறத்தில் ஆட்கள் மிகுந்திருப்பின், உருளைகளின் முனை அலைக்குள் அழுந்த, நீர் தளத்தின்மேல் வாரி அடிக்கும். மேற்கூரையிற் காற்று மோதி அதனை வழிவிலகச் செய்வதும் உண்டு. வேகத்திலும், வளைந்து திரும்புந் திறத்திலும் தட்டுப் படகே பெரும்பாலும் மேம்பட்டது. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குற்றம் உண்டு. விளிம்பைத் தாண்டி உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்குமாயின், அது சாய்ந்த பக்கத்திற்கே ஓடிச் சேர்ந்து, சாய்வை மேலும் வளர்க்கும். எம் பாதங்களை நனைத்த நீர் சிறிது மிகுந்திருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்பதை இப்போது எண்ணினும் உள்ளம் நடுங்குகின்றது.

இங்ஙனமாயின் மிதவைப் படகே சிறந்தது என்று முடித்துவிடலாமோ? எங்களுட் சிலர் அவ்வாறே முடிக்க விரும்பினர். ஆனால் ஒரு சிறு கணக்கு அவர்களைத் தடுத்தது. அறுபது சென்டிமீட்டர் விட்டமும் ஆறு மீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளை முற்றும் நீரில் அமிழ்ந்தால் ஏறக்குறைய 1,700 கிலோ எடையுள்ள நீரை விலக்கும். அதற்குமேல் அது தாங்காது. தளம், பொறி, இருக்கை அனைத்துஞ் சேர்ந்து 800 கிலோ என்று வைத்துக் கொள்வோம். ஆளொன்றுக்கு 65 கிலோவாக இருபதின்மர் எடை 1,300 கிலோ. அனைவரும் பரவி அமர்ந்திருப்பின் உருளைகளின் கொள்ளளவில் ஐந்தில் மூன்று பங்கே நீரில் அமிழும், அச்சமில்லை. அந்த இருபதின்மரும் மான்கூட்டத்தைக் காண ஓர் உருளையின் நேர்மேல் வந்து நிற்பாராயின், அவ்வுருளை தாங்க வேண்டுவது ஆட்களின் 1,300 கிலோவும் படகின் பாதியாகிய 400 கிலோவுமாக, 1,700 கிலோ. அஃதாவது உருளை தன் வலிமை முழுவதையும் செலவிட்டுவிட்டது. இனி ஒருவர் கால்வைத்தாலும், ஒரு காற்று வீசினாலும், கொடுப்பதற்கு அதனிடம் யாதும் இல்லை. பதின்மர் மட்டும் ஏறியிருப்பின் அதே உருளை 1,050 கிலோவே தாங்க வேண்டும், இடர் இல்லை. ஆகவே மிதவைப் படகு தரும் உறுதி ஓர் எல்லைக்கு உட்பட்டது. எல்லைக்குள் அது மலைபோல் நிற்கும். எல்லை கடந்தாலோ முன்னறிவிப்பின்றிக் கவிழும்.

இது வெறுங் கணக்கன்று. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2004-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள், இருபத்தைவரை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு ஒன்று திடீர்ப் புயற்காற்றிற் சிக்கிக் கவிழ்ந்தது, ஐவர் மாண்டனர். ஆளொன்றுக்கு 140 பவுண்டு என்னும் பழைய கணக்கால் அப்படகிற்கு அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் அனுமதிக்கப்பட்டிருந்தனர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. மக்கள் உடற்பருமன் மிகுந்துவிட்டமையை எண்ணி, 2011-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்காவல் படையினர் அக்கணக்கை 185 பவுண்டாக உயர்த்தினர்.

நம் பக்கத்து நிகழ்ச்சிகளோ இன்னும் கொடியன. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து நாற்பத்தைவர் உயிரிழந்தனர். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகச் சென்றோர் இருபத்திருவர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் கேரளத்துத் தானூரில், அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து இருபத்திருவர் இறந்தனர். அவருட் குழந்தைகளும் பலர். இவர்களெல்லாம் நம்மைப்போல் ஒருநாட் பொழுது மகிழ்ந்து வரச் சென்றவர்களே.

இனி எம் முடிபைக் கூறுவோம். படகைத் தெரிந்தெடுக்க வேண்டுவது கண்ணன்று. நீரே தெரிந்தெடுக்க வேண்டும். மலைசூழ்ந்து அலையடங்கிய கொடைக்கானல், உதகை போன்ற சிற்றேரிகளில் மாணவர் குழாத்திற்கு ஏற்றது ஓரடுக்கு மிதவைப் படகே. அங்கு வேகத்தால் ஆவது ஒன்றுமில்லை, காட்சியே பயன். காற்றோங்கி அலையெழும் அகன்ற காயல்களிலும் நீர்த்தேக்கங்களிலும் நல்ல விளிம்புயரமுள்ள தட்டுப் படகே தகும். ஆறு கடலொடு கூடும் முகத்துவாரத்தில் உல்லாசப் படகு எதுவும் ஆகாது. எவ்விடத்தும் இரண்டடுக்குப் படகை மாணவர் விலக்க வேண்டும். மேலடுக்கிற் கூடும் ஒவ்வோர் ஆளும் படகின் பாரத்தை உயர்த்திக் கவிழ்ச்சிக்கு வழிசெய்கின்றனர்.

சிலர் கேட்பர்: ‘இவற்றையெல்லாம் ஆராய்வது அரசினர்க்கும் படகுக்காரர்க்கும் உரிய வேலையன்றோ?’ உண்மையே, சான்றிதழ் வழங்குவோரும் கண்காணிப்போரும் தத்தங் கடமையைச் செய்தல் வேண்டும். ஆயினும் படகில் அமர்வது நம் உடலாதலின், முடிவான கேள்வியைக் கேட்க வேண்டியவர்களும் நாமே. பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்பட்ட கடற்பயணத்தை நாம் அறிவோம். காலந் தவறிப் புறப்படுதல் கேடு என்று அவர் எச்சரித்தார். காவலாய்ச் சென்ற நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பலுக்குரியவனையும் நம்பினான். கப்பல் உடைந்தது, கடவுள் அருளால் உயிர்கள் தப்பின. பயணத்தால் ஊதியம் பெறுவோரிடம் மட்டும் பயணத்தின் தகுதியைக் கேட்டல் அறிவுடைமை ஆகாது என்பது அவ்வரலாறு புகட்டும் பாடம். ‘இன்னும் இருவர் ஏறலாம்’ என்று துறையிற் கூவுவோனுக்கு, ‘ஏறோம்’ என்று மறுமொழி கூறும் உரிமை நம்முடையது.

ஆதலின் இனிச் சுற்றுலாச் செல்லும் எம் தம்பி தங்கையர்க்கும் அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கட்கும் யாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. துறைக்குச் சென்றவுடன் நீரைப் பாருங்கள். பின் படகைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட தொகையைக் கேட்டு, அதிற் பாதிப்பேரே ஏறுங்கள். இரு படகிற்குரிய கட்டணம் மிகுதியெனின், ஏரியைக் கரையிலிருந்து கண்டு களியுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கரையிலேயே பூட்டிக்கொள்ளுங்கள். மடிமேற் கிடக்குஞ் சட்டை ஒருவரையுங் காவாது. மான் தோன்றினும் யானை தோன்றினும் அமர்ந்த இடத்திலிருந்தே காணுங்கள். அன்று எம் கண்ணிற்பட்ட மான்கள் சிறிது நேரத்திற் காட்டினுள் மறைந்தன. அவற்றின் உருவம் எம்முள் ஒருவர்க்கும் இப்போது நினைவில் இல்லை. படகின் விளிம்பில் ஏறிய அந்நீரின் குளிர்ச்சி மட்டும் இன்றும் நினைவில் நிற்கின்றது.