நுளம்பும் நுண்கணிதமும்

சென்ற மாதம் விடுமுறைக்குக் கண்டிக்கு வந்த என் தமக்கையின் மகன், தன் கணிதக் குறிப்பேட்டை என் முன் விரித்து வைத்தான். பக்கத்துக்குப் பக்கம் வகையீட்டுச் சமன்பாடுகள். தீர்க்கும் வழியெல்லாம் அவனுக்கு மனப்பாடம். "ஆனால் மாமா, இவற்றை இன்று யார், எதற்காகத் தீர்க்கிறார்கள் என்று இரண்டு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லையே!" என்றான். அவன் பயிலும் சர்வகலாசாலைக்கு மட்டும் உரிய குறையன்று அது.

மலைநாட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்க நேர்ந்ததே விந்தை. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து, நம் ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. மலேரியா நுளம்பு அவற்றிற் பெருகிற்று. அந்நோய்க்குப் பழகாத ஈரவலய மக்கள் கொத்துக் கொத்தாய் வீழ்ந்தனர். கேகாலைப் பகுதி பட்ட பாடு சொல்லுந்தரமன்று. 1935 முடிவதற்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியை 1897இல் செகந்திராபாதிற் கண்டறிந்த ரொனால்ட் ரொஸ், வைத்தியராயினும் கணிதப் பித்துக் கொண்டவர். நுளம்பை அடியோடு அழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாற் போதும், நோய் தானாகவே அடங்கும் என்று சமன்பாடுகளாற் காட்டினார். 1927இல் கெர்மக், மக்கென்ட்ரிக் என்னும் இருவர் கொள்ளைநோய்க்கே பொதுவானதொரு கணிதம் வகுத்தனர். அதனை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது 1905–06இல் பம்பாயிற் பரவிய பிளேக்கின் மரணக் கணக்கோடுதான்! அவ்விருவருள் கெர்மக் ஆய்வுகூட விபத்தொன்றிற் கண்ணிழந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ரொஸ் தொடங்கியதை 1950களில் வளர்த்தவர் ஜோர்ஜ் மக்டொனால்ட். அவர் கண்டதை மடக்கை கற்ற மாணவன் எவனும் சரிபார்க்கலாம். நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோய் பரப்புவதில்லை. கிருமி அதன் உடலில் முதிரச் சுமார் 10 நாள் செல்லும். நாளொன்றுக்கு 100 நுளம்புகளில் 90 உயிர்தப்புவதாக வைத்துக்கொள்வோம். 10 நாளின் பின் எஞ்சுபவை 35. உயிர்தப்புபவை 80 ஆகக் குறைந்தால்? எஞ்சுபவை 11 மட்டுமே. எஞ்சியவை மேலும் வாழும் சராசரி நாளும் ஒன்பதரையிலிருந்து நாலரையாகச் சுருங்கும். இரண்டையும் பெருக்கினால், நோய் பரப்பும் வலு ஏழில் ஒரு பங்காகிவிடும். நுளம்பின் தொகையைப் பாதியாக்கினால் வலுவும் பாதிதான் குறையும். ஆயுளைச் சற்றே குறைத்தாலோ இத்தனை பெரிய பலன்! சுவருக்கு மருந்து தெளிப்பதன் இரகசியம் இதுதான்.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டே டெங்கு 1,86,000க்கு மேற்பட்டோரைப் பீடித்தது. இது வேறு நுளம்பு. பூச்சாடியிலும் சிரட்டையிலும் பெருகுவது. ஆயினும் சமன்பாட்டின் குடும்பம் ஒன்றே. வெப்பநிலை சற்று உயர்ந்தால் கிருமி முதிரும் நாட்கள் குறையும். அப்போது கண்டி போன்ற குளிர்ந்த ஊர்களின் கதி என்னவாகும் என்பது இன்றும் ஆராயப்படும் வினா.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, ஆராய்ச்சிக்கு எங்கே போவது?" என விரிவுரையாளர் கேட்கக்கூடும். நியாயந்தான். கணிதத்தின் எல்லா ஆராய்ச்சியும் இளம் மாணவருக்கு எட்டுவதுமன்று. ஆனால் 1950களில் இலங்கைச் சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியராயிருந்த நம்மவர் சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்றவர். எலெக்ட்ரனின் இயக்கம் பற்றிய ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். ஆராய்ச்சியும் போதனையும் ஒரே மனிதரிடத்தில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு நாம் கடல் கடந்து சான்று தேடவேண்டியதில்லை. ஒரு தவணையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாற்கூடப் போதுமே! வேண்டிய எண்களும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு, மாவட்டந்தோறும் நோய்க் கணக்கை வாரந்தவறாமல் வெளியிடுகிறது.

மருமகனிடம் இதைச் சொன்னேன். 2017ஆம் ஆண்டுக் கண்டி மாவட்டக் கணக்கைத் தேடியெடுத்து, மூன்று நாள் மேசையை விட்டு எழவில்லை. அவன் வரைந்த வளைகோடு அந்தப் புள்ளிகளோடு பொருந்தவில்லை. "சமன்பாடு பிழையா, கணக்கெடுப்பில் தாமதமா, மழையை நான் சேர்க்காததா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டைச் சுருட்டிக்கொண்டு, தன் விரிவுரையாளரிடம் கேட்கப் போய்விட்டான்.